கார்டு கேட்காத க்ளாஸ்!

பாஸ்டன் நகரத்தில் பார்க் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல ரெட் லைன் ரயில் ஏறுங்க. சுரங்கத்துக்குள்ள போயிட்டிருக்கிற ரயில் திடீர்னு வெளிச்சத்துக்கு வந்து, சார்லஸ் நதி மேல பாலத்துல ஓடும். ஜன்னல் பக்கம் நின்னுக்கோங்க, மிஸ் பண்ணாதீங்க! நதியைத் தாண்டினா கெண்டல் ஸ்டேஷன். அங்கே இறங்கினா எம்.ஐ.டி.! (குரோம்பேட்டை இல்லை பாஸ், இது அமெரிக்காவோட மாசசூசெட்ஸ்.)

இங்கே எல்லாமே நம்பர்தான். கட்டடத்துக்கும் நம்பர், பாடத்துக்கும் நம்பர். கம்ப்யூட்டர்னா 6, கணக்குன்னா 18. 'முடிவில்லா காரிடார்'னு ஒரு நீள நடை இருக்கு. பேரு பெருசு, ஆனா 251 மீட்டர்ல முடிஞ்சுடும்! நவம்பர் நடுவிலும் ஜனவரி கடைசியிலும் சில நாள் மட்டும் சாயங்கால வெயில் அதுக்குள்ள நேர்கோடா பாயும்.

கம்ப்யூட்டர் ஆளுங்களோட இடம் 32-ம் நம்பர் கட்டடம். ஃப்ராங்க் கெரி வடிவமைச்சு 2004-ல் திறந்தது. சுவரெல்லாம் குடிச்சுட்டு சாயுற மாதிரியே நிக்கும். உள்ளே ஒரு தீயணைப்புக் குழாயைக் காட்சிக்கு வெச்சிருக்காங்க. எம்.ஐ.டி-யில படிக்கிறது தீயணைப்புக் குழாய்ல வாய் வெச்சு தண்ணி குடிக்கிற மாதிரின்னு அங்கே ஒரு பேச்சு உண்டு. 1991-ல் குறும்புக்கார மாணவர்கள் நிஜமாவே குழாயைக் குடிதண்ணி மெஷினோட இணைச்சுட்டாங்க!

அந்தக் குழாயை ஊருக்கே திறந்துவிடப் போறதா 2001 ஏப்ரலில் அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் 50 பாடங்களோட வெள்ளோட்டம். இன்னிக்கு 2,500-க்கும் மேல. ஃபீஸ் கிடையாது, என்ட்ரன்ஸ் கிடையாது. சரி, வீட்டுல தனியா படிக்கிற நீங்க எதை முதல்ல குடிப்பீங்க?

அதுக்குத்தான் ஓ.எஸ்.எஸ்.யு.ன்னு தன்னார்வலர்களோட பாடத்திட்டம் ஒண்ணு இருக்கு. பல பல்கலைக்கழகங்களின் இலவசப் பாடங்களைப் பொறுக்கி, முழு கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரிக்கு ஈடா வரிசைப்படுத்தியிருக்காங்க. வாரம் 20 மணி நேரம் உட்கார்ந்தா சுமார் ரெண்டு வருஷம்.

பட்டியல் போடுறது ஈஸி. அதைக் காப்பாத்துறதுதான் பெரும்பாடு. 2017-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் 20,000-க்கும் மேற்பட்ட வகுப்பு வீடியோ, ஆடியோக்களைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துடுச்சு. காது கேளாதவங்களுக்குச் சரியான சப்டைட்டில் இல்லைன்னு புகார். புகார் ரொம்ப நியாயம். அதுக்குப் பதில் கதவைச் சாத்தினது நியாயமான்னு நீங்களே சொல்லுங்க. பாதிப் பாடத்துல இருந்தவங்க கதி? இப்படி ஒரு பாடம் காணாமப் போனா, வேற பாடம் தேடணும். விட்ட அத்தியாயமெல்லாம் அதுல இருக்கான்னு பார்க்கணும். முன்னாடி படிச்சது அதுக்குப் போதுமான்னும் பார்க்கணும். சத்தமில்லாத க்ளார்க் வேலை மாதிரிதான். ஆனா அது நடக்கலைன்னா, ஒரு வருஷம் ராத்திரி கண் முழிச்சவன் நடுவழியில நிப்பான்.

2022-ல் எம்.ஐ.டி-யே கம்ப்யூட்டர் பாடங்களோட நம்பரை மாத்திடுச்சு. கம்ப்யூட்டருக்கான கணக்குப் பாடம் 6.042, டாம் லெய்ட்டன் 2010-ல் நடத்தின வீடியோ இருக்கு. (அவர் சேர்ந்து ஆரம்பிச்ச அகமாய் கம்பெனி, கெண்டல்லேயே நடந்து போற தூரம்!) அது இப்போ 6.1200. அல்காரிதம் பாடம் 6.006 இருந்ததே, அது 6.1210.

இந்த கேம்பஸ்ல பல கதவுகள் அடையாள அட்டை கேட்கும். உங்ககிட்ட இருக்காது, திரும்பி வந்துடுங்க. ஊருக்கு வந்து வீடியோவைத் தேடும்போது மட்டும், பழைய நம்பர், புது நம்பர் ரெண்டையும் போட்டுத் தேடுங்க. நோட்ஸை முதல் நாளே டவுன்லோடு பண்ணிடுங்க!