கொம்பு, கோரைப்பல், குரல்

எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் தொங்கிய முருகன் காலண்டரில், வள்ளியின் காலடியில் ஒரு மான் நிற்கும். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மான் என்றால் அதுதான். அப்பா அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்வார்: "அது ஊரு மானுடா. இந்தக் காட்டுல புள்ளிமான் கெடையாது."

மலேசியாவின் தஞ்சோங் மாலிமுக்குக் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். எங்கள் ரப்பர் தோட்டத்தின் கடைசி நிரைகள் அடிவாரக் காட்டை ஒட்டிப் போய் முடியும். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்கு மங்கு துடைத்துக் கொடுக்கப் போவேன். விடியாத இருட்டில் அவருடைய நெற்றி விளக்கு ஒரு மரத்தை மட்டும்தான் காட்டும். மற்றதெல்லாம் சத்தம். காட்டோரத்தில் ஏதோ குரைக்கும். ஒரு குரைப்பு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒன்று. அடுத்த நிரைக்குப் போன பிறகும் அது ஓயாது. "நாயில்ல, கீஜாங்," என்பார் அப்பா. "எதையோ கண்டு மெரண்டிருக்கு." கத்தி மரத்தை விட்டு நகராது.

இன்னொரு மானான ரூசா அப்படி விடாமல் கத்தாது. திடீரென்று கனத்த ஒற்றைக் குரல், காலைத் தரையில் ஓங்கி மிதிக்கும் ஓசை, அவ்வளவுதான். ஊரில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்வது இதைத்தான். மழைக்கு மறுநாள் ஓடைக்கரைச் சேற்றில் ரூசா, கீஜாங், மான் போலவே தெரியும் குட்டிப் பிளாண்டோக் ஆகிய மூன்றின் தடங்களையும் அப்பா காட்டுவார். ரூசாவின் குளம்புத் தடத்தில் என் உள்ளங்கை அடங்கிவிடும். கீஜாங்கினுடையது இரண்டு விரல் அகலம். பிளாண்டோக் தடமோ என் கட்டைவிரல் நகம் அளவுதான். குனிந்து தேடினால்தான் கண்ணில் படும்.

கீஜாங்கைக் கிட்டத்தில் பார்த்தது கம்பத்து வேட்டைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில். பின்னால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். செம்பட்டை மயிர் இன்னும் ஈரமாக இருந்தது. கொம்பின் அடித்தண்டு மயிர் மூடி நீண்டிருக்க, அதன் நுனியில்தான் சிறிய கொம்பு. அந்தத் தண்டிலிருந்து இரண்டு கறுப்புக் கோடுகள் முகத்தில் இறங்கின. அப்பா அதன் மேலுதட்டை விரலால் தூக்கினார். வளைந்த கோரைப்பல்! புல் தின்னும் பிராணிக்கு எதற்கு இது என்று எனக்குப் பயமாகவே இருந்தது. "கொம்பு மட்டும் இருந்தா ரூசா. கொம்பும் பல்லும் இருந்தா கீஜாங். கொம்பே இல்லாம பல்லு மட்டும் இருந்தா பிளாண்டோக்," என்றார். மூன்றிலும் இது கிடாவுக்குத்தான் பொருந்தும் என்பதையும் அவரே சொன்னார்.

பள்ளிக்கூடம் போகாத மனிதர் அவர். அந்த மூன்று வரிக்குள் விலங்கியலே இருந்தது என்று பிற்பாடு படித்தபோது கர்வப்பட்டேன். ரூசாவும் கீஜாங்கும் மான் குடும்பம். கொம்பை உதிர்த்து மறுபடி வளர்ப்பவை. பிளாண்டோக் அந்தக் குடும்பமே இல்லை. அதைவிடப் பழமையான தனிக் கிளை. அசைபோடும், ஆனால் மானுக்கு நான்கு அறை இரைப்பை, இதற்கு மூன்றே அறை. மிரண்டால் பின்னங்காலால் தரையில் படபடவென்று தட்டும். கீழ்க்கழுத்தில் வெள்ளைப் பட்டைகள், பென்சில் கனமே உள்ள கால்கள். பிளாண்டோக்கிலும் சிறிய இனமான காஞ்சில், இரண்டு கிலோவைத் தாண்டினாலே பெரிது. முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, எண்ணுவதாகச் சொல்லி அவற்றின் முதுகில் மிதித்தே ஆற்றைக் கடந்த சாங் காஞ்சில், மலாய்ப் பாடத்தில் எங்களுக்கெல்லாம் கூட்டாளி. 1994இல் பெரோடுவா தன் சின்னக் காருக்கு அந்தப் பெயரை வைத்தது மிகப் பொருத்தம். கீஜாங்குக்கோ மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சின்னத்திலேயே இடம் கிடைத்தது.

ரூசாவுக்குத்தான் காடும் சுருங்கியது, துப்பாக்கியும் ஓயவில்லை. 2009இல் தீபகற்பத்தில் ரூசா, கீஜாங் வேட்டையை அரசாங்கம் நிறுத்தி வைத்தபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. அப்பா இருந்திருந்தால், இதை இருபது வருஷம் முந்தியே செய்திருக்க வேண்டும் என்று சத்தம் போட்டிருப்பார்.