பிராக் நகரில் மூன்று தினங்கள்

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் லண்டனையும் பாரிஸையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். கல்யாணமாகி முப்பது வருஷங்களுக்குப் பிறகு முதன்முதலாக யாத்திரை கிளம்பிய நாங்கள் இருவரும் செக் நாட்டின் தலைநகரமான பிராக்கைத் தேர்ந்தெடுத்தோம். எங்களில் ஒருவருக்குச் சரித்திரத்தில் மோகம். மற்றவருக்கு முழங்காலில் வலி. யாருக்கு எது என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

முதல் நாள் பழைய நகரத்துச் சதுக்கத்துக்குச் சென்றோம். அங்கே நகர மண்டபத்துச் சுவரில் 1410-ஆம் ஆண்டில் அமைத்த அதிசயக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. சூரிய சந்திரர்களின் கதியையும் ராசிகளையும் அது காட்டுகிறது. மணி அடிக்கும் வேளையில் மேலே இரண்டு சாளரங்கள் திறக்கின்றன. கிறிஸ்துவின் சீடர்கள் ஒருவர் பின் ஒருவராக முகம் காட்டிச் செல்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் எலும்புக்கூடு ஒன்று மணிக் கயிற்றை இழுக்கிறது! 1945 மே மாதத்துச் சண்டையில் இக்கடிகாரம் தீக்கு இரையாயிற்று. நகரத்தார் சும்மா இருக்கவில்லை. 1948-ல் அதை மறுபடியும் ஓடச் செய்துவிட்டார்கள்.

கூட்டத்தோடு கூட்டமாக அண்ணாந்து பார்த்த பிறகு, கோபுரத்தின் கீழ்ப்புறம் ஒதுங்கினோம். அப்போதுதான் எங்கள் காலடியில், தரையிலே வெள்ளைக் கற்களால் பதித்த சிலுவைகளைக் கண்டோம். எண்ணிப் பார்த்தோம்; இருபத்தேழு. 1620 நவம்பரில் வெள்ளை மலைப் போரில் ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்தியின் படைகள் வென்றன. அவரை எதிர்த்து எழுந்த தலைவர்களில் 27 பேர் 1621 ஜூன் 21-ஆம் தேதி இந்தச் சதுக்கத்தில் உயிரிழந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நாங்கள் சட்டென்று விலகி நின்றோம்.

அந்தத் தோல்விக்குப் பிறகு செக் பாஷை பின்னுக்குத் தள்ளப்பட்டது. அரசாங்கக் காரியங்களில் ஜெர்மன் பாஷை மேலோங்கியது. தாய்மொழி பெரும்பாலும் குடியானவர் வீடுகளிலே உயிர் பிழைத்தது.

மறுநாள் முழுவதும் சார்லஸ் பாலத்தில் கழிந்தது. 1357-ல் அஸ்திவாரம் போட்ட அப்பாலத்தின் இரு மருங்கிலும் முப்பது சிலைத் தொகுதிகள் நிற்கின்றன. கீழே வல்டாவா நதி ஓடுகிறது.

மூன்றாம் நாள் மாலை ஒன்றுதான் மீதியிருந்தது. கோட்டையா, தேசிய நாடகசாலையா என்று எங்களுக்குள் விவாதம் எழுந்தது.

"கோட்டை குன்றின்மேல் இருக்கிறது, நாடகசாலை நதிக்கரையில் சமதரையில் இருக்கிறது" என்று முழங்கால் வலிக்காரர் தீர்ப்புக் கூறிவிட்டார்.

ஆனால் எங்கள் பணப்பைக்கு ஏற்ற டிக்கெட்டுகள் உச்சி மாடத்தில்தான் கிடைத்தன. எத்தனை படிகள்! ஏறி உட்கார்ந்த பிறகு கையேட்டைப் புரட்டி அந்தக் கட்டடத்தின் கதையைப் படித்தோம்.

தங்கள் பாஷையில் நாடகமும் சங்கீதமும் நடப்பதற்குச் சொந்தமாக ஓர் இடம் வேண்டும் என்று செக் மக்கள் பணம் திரட்டினார்கள். 1868 மே மாதத்தில் அஸ்திவாரக் கற்கள் நாட்டப்பட்டன. நாட்டின் பல பாகங்களிலிருந்தும், புனிதமெனக் கருதிய குன்றுகளிலிருந்தும் அக்கற்களைக் கொண்டுவந்தார்கள். 1881 ஜூனில் முதன்முதலாகத் திரை எழுந்தது. இரண்டே மாதம்! ஆகஸ்டு 12-ஆம் தேதி பிடித்த தீயில் மேடையும் சபையும் விதானமும் வெந்து போயின.

வேறு ஜனங்களாயிருந்தால் தலைவிதி என்று உட்கார்ந்திருப்பார்கள். இவர்களோ மறுபடியும் உண்டியலை ஏந்தினார்கள். நாற்பத்தேழே நாளில் பத்து லட்சம் கில்டர் நாணயம் சேர்ந்துவிட்டது. 1883 நவம்பர் 18-ஆம் தேதி நாடகசாலை மீண்டும் திறந்தது. அன்று நடந்தது ஸ்மெதனா இயற்றிய 'லிபுஷே' என்னும் இசை நாடகம். அதை இயற்றியவரோ 1874-லேயே செவிப்புலனை முற்றும் இழந்தவர்!

தேசம் சுதந்திரம் அடைந்தது 1918-ல். அதற்கு முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பே பாஷைக்கு வீடு கட்டி முடித்துவிட்டார்கள்.

விளக்குகள் மங்குமுன், பக்கத்திலிருந்த மூதாட்டி ஒருவர் மேடைக்கு மேலே பொன்னெழுத்தில் மின்னிய இரண்டு சொற்களைச் சுட்டிக்காட்டினார். "நாரொத் சொப்யே" என்று எங்களுக்காக மெதுவாகப் படித்தார். 'தேசம் தனக்குத் தானே அளித்தது' என்பது பொருள். காசு கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து அதுவே கையெழுத்து.

ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது, "கால் வலிக்கிறதா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

"இரண்டு தடவை கட்டினவர்களுக்குக் கை வலிக்கவில்லை, ஒரு தடவை ஏறின நமக்கா கால் வலிக்கும்?" என்றார் மற்றவர்.