காசுக்கு வானிலை: சில குறிப்புகள்

தூத்துக்குடிப் பக்கம் சிறு உப்பளக்காரர்கள் சிலர். சேர்ந்து ஒரு தனியார் வானிலைச் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா என்று யோசிக்கிறார்கள். சென்னை வானிலை மையம் சும்மா தருவதே போதுமா என்றும். அந்தப் பேச்சுக்கு நடுவே எழுதியவை.



பாத்தியில் உப்பு கட்ட, உப்புநீரின் அடர்த்தி பாமே அளவில் சுமார் 24 டிகிரிக்கு ஏற வேண்டும். ஒரு மழை போதும், இறங்கிவிடும். கட்டிய உப்பும் கரையும். மறுபடி வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

வயதான ஒருவர் கேட்டது: “மழ வருமா வராதான்னு நான் கேக்கல அண்ணாச்சி. எத்தன மணிக்குச் சொல்லுவாவ? அத மட்டும் சொல்லுங்க.”

வாரிய குவியலை மூட ஆள் வேண்டும். ஆளுக்கு முதல் நாளே சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்விக்கு எந்த விலைப்பட்டியலிலும் இடமில்லை.



சந்தா விற்க வந்தவரின் ஸ்லைடில் துல்லியம் என்று பெரிய எழுத்தில் ஒரு சதவீதம்.

எதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள்?

வானிலைத் துறையின் நிலையங்களோடு, என்றார்.



18 டிசம்பர் 2023, காலை 8.30 வரையான 24 மணி நேரம். காயல்பட்டினம் 95 செ.மீ. முழுமையாக்காத கணக்கில் 946 மி.மீ. அந்தக் கரையில் வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்.

திருச்செந்தூர் 69. நடுவே பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை.

அமெரிக்க அரசின் ஜி.எஃப்.எஸ். கணிப்பு, யாரும் எடுத்துக்கொள்ளலாம், சுமார் 28 கி.மீ. கட்டங்களாக வருகிறது. இரண்டு ஊரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கும் தூரம். போனில் இருக்கும் செயலிகள் பலவற்றின் அடியில் ஓடுவது இதுதான். நிறம் வேறு, ஐகான் வேறு.



200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள மழைமானி என்று வைத்துக்கொண்டால், 946 மி.மீ. என்பது கிட்டத்தட்ட 19 லிட்டர். உள்ளே இருக்கும் பாட்டில் அவ்வளவு பிடிக்காது. நிரம்புவதற்குள் ஒருவர் போய், அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்து, எழுதி, பாட்டிலைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். மறுபடியும். மறுபடியும். அந்த மழையில்.

இந்த வேலைக்கு என்ன சம்பளம்? யாரும் பேசுவதில்லை.



தானியங்கி மானியில் ஆள் வேண்டாம். உள்ளே ஒரு சின்ன வாளி, நிரம்பியதும் கவிழும். கவிழ்ந்த தடவையை எண்ணி அனுப்பும்.

வாயில் இலை அடைத்தால் பூஜ்யம் அனுப்பும். மழையே இல்லாத நாளிலும் அதே பூஜ்யம்தான். திரையில் இரண்டும் ஒன்று.

யாராவது போய்த் துடைக்க வேண்டும். துடைக்கும் செலவு ஒப்பந்தத்தில் எந்த வரியில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.



வானிலைத் துறையின் ஒரு நாள் கணக்கு. கனமழை: 64.5 மி.மீ. முதல். மிக கனமழை: 115.6 முதல். அதி கனமழை: 204.4-க்கு மேல்.

எச்சரிக்கையில் அதற்கு மேல் பெயர் கிடையாது. 205-க்கும் 946-க்கும் ஒரே சொல், ஒரே சிவப்பு.



காயல்பட்டின மழைக்குப் பிறகு: போதுமான முன்னெச்சரிக்கை வரவில்லை என்றது மாநில அரசு. வானிலைத் துறை 12-ஆம் தேதியே சொல்லிவிட்டது என்றார் ஒன்றிய நிதியமைச்சர்.

அதே மழையில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றது. செய்துங்கநல்லூர் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போயிருந்தது. சுமார் 800 பயணிகள். வண்டியை விடாமல் நிறுத்தி வைத்த முடிவுதான் அவர்களைக் காப்பாற்றியது.



கேரளம். 2018 வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019-இல் மறுபடி. 2020-இல் மாநில அரசு தனியாரிடம் காசு கொடுத்துக் கணிப்பு வாங்க முடிவு செய்தது: ஸ்கைமெட், ஐ.பி.எம்.மின் வெதர் கம்பெனி, எர்த் நெட்வொர்க்ஸ். தானியங்கி நிலையங்கள் போதவில்லை என்பது மாநிலத்தின் குறை. வானிலைத் துறைக்கு இது பிடிக்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடி. தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். பெரும்பாலும் தமிழர்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து போன குடும்பங்கள்.

போன் தொடர்பு அற்றுப்போயிருந்தது. வெளியே தெரிய மறுநாள் காலை ஆயிற்று.



தேயிலைத் தோட்டங்கள் மழைக் கணக்கு வைக்கும் பழக்கம் பழையது. அலுவலக வாசலில் மானி, உள்ளே பேரேடு. தோட்டத்தின் சொந்தச் சொத்து. யாரும் கேட்டால்தான் வெளியே வரும்.



வயநாடு. கல்பற்றாவில் ஹியூம் சூழலியல் மையம் என்று ஒன்று. அரசு இல்லை, கம்பெனியும் இல்லை. மாவட்டம் முழுக்கச் சுமார் 200 மானிகள். அளந்து சொல்பவர்களில் விவசாயிகளும் உண்டு. 2024 ஜூலை 29 அன்று, முண்டக்கைப் பக்கம் நிலச்சரிவு வரலாம் என்று மாவட்ட நிர்வாகத்துக்குச் சொன்னார்கள். 30 அதிகாலை மலை இறங்கியது.

பிறகு நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சர்: 23-ஆம் தேதியே எச்சரித்தோம். கேரள முதலமைச்சர்: இல்லை.



1786. எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடம் வைத்தார். தனியார்தான். பிறகு கம்பெனியே எடுத்துக்கொண்டு 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. 1796 முதல் வானிலைப் பதிவு இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் கருங்கல் தூண் ஒன்று இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

இன்றைய தனியார் பதிவு எதுவாவது இருநூறு வருடம் கழித்துக் கிடைக்குமா? தெரிந்துகொள்ள ஆசை.



டார்க் ஸ்கை. அடுத்த ஒரு மணி நேர மழையை நிமிடக் கணக்கில் சொன்ன அமெரிக்கச் சேவை. பல செயலிகள் அதன் தரவை வாங்கி நடத்தின. 2020 மார்ச்சில் ஆப்பிள் வாங்கியது. 2023 மார்ச்சோடு மற்றவர்களுக்குத் தரவு நின்றது.

கணிப்பு தவறியதால் அல்ல. நன்றாக இருந்ததால் விலைபோனது.



அரசுச் சேவையும் நிற்கும். 2025 பிப்ரவரி கடைசியில், அலாஸ்காவின் கோட்செபூவில் வானிலை பலூன் விடுவதை நிறுத்தினார்கள். ஆள் இல்லை என்று.

ஒரு பலூன் குறைந்தால் அதைச் சும்மா எடுப்பவருக்கும் குறைவு, அதிலிருந்து செய்து விற்பவருக்கும் குறைவு.

நம் பக்கம் மீனம்பாக்கத்தில் விடுகிறார்கள். காலை 5.30, மாலை 5.30 கணக்கு. அந்தத் தரவு உலகம் முழுக்கப் போகிறது.



ஐரோப்பிய மையம், ஈ.சி.எம்.டபிள்யூ.எஃப். பல நாட்டு அரசுகள் சேர்ந்து நடத்துவது. நடுத்தர காலக் கணிப்பில் முன்வரிசை. வெகுகாலம் முழுத் தரவுக்கு நல்ல விலை வைத்திருந்தது. 2025 அக்டோபரில் திறந்துவிட்டது.

அதை வாங்கி மெருகேற்றி விற்ற கம்பெனிகள் இப்போது எதற்கு விலை சொல்கின்றன? ஒவ்வொன்றிடமும் இதைக் கேட்க வேண்டும். சில நல்ல பதில் வைத்திருக்கக் கூடும்: சொந்த நிலையங்கள், மின்னல் உணர்கருவிகள், நள்ளிரவில் போன் எடுக்கும் ஆள்.

நள்ளிரவில் போன் எடுக்கும் ஆள். இதற்குக் காசு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.



வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டில் இழப்பை வயலில் அளப்பதில்லை. குறித்த நிலையத்தின் எண்ணே தீர்ப்பு. நிலையத்தில் பெய்து வயலில் பெய்யாவிட்டால், கணக்கில் பெய்ததுதான்.

அந்த நிலையம் யாருடையது என்பது விவசாயியின் வீட்டுக் கஞ்சிப் பிரச்சினை.



துறைமுகத்தில் புயல் கூண்டு. 1 முதல் 11 வரை. பகலில் வடிவம், இரவில் விளக்கு. கரையில் நிற்பவர் யாரும் பார்க்கலாம்.

ஒக்கி புயல், 2017 நவம்பர் கடைசி. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல நாள் முன்பே போய்விட்டவை. கூண்டும் தெரியாது, போனும் எட்டாது.



சந்தா வரைவை மறுபடி படித்தேன். விலை பரவாயில்லை. கடைசிப் பக்கங்களில் ஒரு விதி: சேவையின் தகவலைச் சந்தா கட்டாத எவருக்கும் தரக்கூடாது.

அளங்கள் வரப்போடு வரப்பு ஒட்டிக் கிடக்கின்றன. பக்கத்து அளத்துக்காரரிடம் “மூடிருங்க, ராத்திரி மழை” என்று சொன்னால் அது மீறலா?

எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வந்த பிறகுதான் பணம்.