நெய்வேலியிலிருந்து கோணான்குப்பம் வரை

நெய்வேலி என்ற பெயரைக் கேட்டதும் நேயர்களின் மனக்கண் முன் எழுவது பழுப்பு நிலக்கரியும், வானளாவிய புகைபோக்கிகளும், இரவைப் பகலாக்கும் மின்சார விளக்குகளும்தான். அது நியாயமே. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் ஒன்று மேலே வந்தது. அதுவே இவ்வூரின் தலையெழுத்தை மாற்றியது. 1956-ம் வருஷம் நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. மறு வருஷம் மே மாதம் 20-ந் தேதி பண்டித ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962-ல், ருஷ்ய தேசத்தின் ஒத்துழைப்புடன் கட்டப்பட்ட அனல் மின் நிலையத்திலிருந்து மின்சாரம் பாய்ந்தது. சுரங்கத்திற்காகப் பல கிராமங்கள் தங்கள் வயலையும் வீட்டையும் விட்டுக் கொடுத்தன என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். வட்டம் வட்டமாக, நேர் நேரான சாலைகளுடன் அமைந்த நகரியத்தில் இன்று பல மாகாணத்தாரும் கூடி வாழ்கிறார்கள்.

இத்தகைய ஊரில் பள்ளிக்கூடம் நடத்துவது ஒரு தனி அனுபவம். ஒரே வகுப்பில் நிலத்தை இழந்த குடியானவரின் பேரனும் இருப்பான். வடதேசத்திலிருந்து உத்தியோகம் மாற்றலாகி வந்தவரின் மகளும் இருப்பாள். "அயலார் ஒருவர் தமிழை நன்றாகக் கற்க முடியுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஓர் ஊர் நெய்வேலிக்கு வெகு தூரத்தில் இல்லை. அவ்வூர் கோணான்குப்பம். விடுமுறை நாள் ஒன்றில் நாம் அங்கே புறப்பட்டோம். நம்முடன் பணிபுரியும் மூத்த ஆசிரியர் ஒருவரும் உடன் வந்தார்.

கோணான்குப்பத்திற்குப் போகிறவர்கள் வழியில் விருத்தாசலத்தில் இறங்காமல் போவது முறையல்ல. திருமுதுகுன்றம் என்பது இதன் பழம்பெயர். சுந்தரமூர்த்தி நாயனார் இங்கே மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்று நாம் கேலியாகச் சொல்வதற்கு உரிய இடம் இதுதான். இங்கே சுவாமியின் பெயர் பழமலைநாதர். அம்பிகையின் பெயர் பெரியநாயகி. இந்தப் பெயரை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

விருத்தாசலத்திலிருந்து புறப்பட்டு, முகாசாபரூரை அடுத்த கோணான்குப்பத்தை அடைந்தோம். சுற்றிலும் புன்செய் நிலம். நடுவே மாதா கோயில். உள்ளே சென்றால், குழந்தையை ஏந்திய மரியன்னை தமிழ்ப் பெண்ணைப் போல் சேலை உடுத்துக் காட்சி தருகிறாள். அவளுக்கு இங்கே வழங்கும் திருநாமம் என்ன தெரியுமா? பெரியநாயகி! விருத்தாசலத்தில் கும்பிட்ட பெயரையே இங்கேயும் கேட்டபோது நம் உள்ளத்தில் உண்டான வியப்பைச் சொல்லி முடியாது. தேர்த்திருவிழா ஜனவரி மாதத்தில் நடைபெறுகிறது. பிள்ளை வரம் வேண்டி வருவோர் மிகுதி. வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருத்தியை, "அம்மா, நீங்கள் கிறிஸ்தவர்களா?" என்று விசாரித்தோம். "இல்லீங்க ஐயா. அங்கேயும் பெரியநாயகி, இங்கேயும் பெரியநாயகி. ரெண்டு பேரையும் பார்த்துட்டுத்தான் போவோம்" என்றாள்.

இக்கோயில் உண்டான வரலாற்றை ஊரார் கர்ண பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். பாதிரியார் ஒருவர் இக்காட்டு வழியே பிரயாணம் செய்தபோது தம்மிடமிருந்த மாதாவின் சுரூபத்தை இழந்துவிட்டாராம். முகாசாபரூர்ப் பாளையக்காரரான கச்சிராயர் பிள்ளையில்லாதவர். சுரூபம் அவரிடம் கிடைத்தது, பிள்ளையும் பிறந்தது. மீண்டும் இப்பக்கம் வந்த பாதிரியார், கச்சிராயரின் ஆதரவில் கோயில் எழுப்பி, தமிழ்ப் பெண்ணின் உருவை எழுதி அனுப்பி, மணிலாவிலிருந்து புதிய சுரூபம் ஒன்றை வரவழைத்தாராம். கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு பக்தி என்று பிரிப்பது நம் வேலையன்று. ஆனால் அந்தப் பாதிரியார் கதாபாத்திரமல்லர். அவரே கான்ஸ்டான்ஸோ ஜோசப் பெஸ்கி. நாம் வீரமாமுனிவர் என்று போற்றுகிறவர்.

இத்தாலி தேசத்துக் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ம் வருஷம் நவம்பர் மாதம் பிறந்தவர் பெஸ்கி. 1698-ல் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, 1710-ல் கோவாவில் இறங்கி, அடுத்த வருஷம் தமிழ்நாட்டை அடைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. நீராவிக் கப்பலும் தந்தியும் இல்லாத அக்காலத்தில், அப்படிப் புறப்பட்டவர்கள் தாய் தந்தையரிடம் கடைசி விடை பெற்றுக்கொண்டே புறப்பட்டார்கள். பெஸ்கியும் திரும்பிச் செல்லவேயில்லை. 1747-ல் மலையாள நாட்டு அம்பழக்காட்டில் காலமானார்.

அவர் வந்து சேர்ந்த மதுரை மிஷனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி பாதிரியார் காவியுடுத்து, புலால் நீக்கி, சந்நியாசி போல வாழ்ந்து வழிகாட்டியிருந்தார். பெஸ்கியும் அவ்வழியே நின்றார். தைரியநாதர் என்று பெயர் வைத்துக் கொண்டார். அதுவே பின்னர் வீரமாமுனிவர் என்று ஆயிற்று. ஊர் ஊராகச் செல்வது, ஜபம் செய்விப்பது, பாவசங்கீர்த்தனம் கேட்பது, ஞானோபதேசம் கற்பிப்பது, மறுபடியும் அடுத்த ஊருக்கு நடப்பது என்பதே அவருடைய நாட்கள். எல்லா ஊரும் அவரை வரவேற்கவில்லை. நெல்லைச் சீமையில் குருக்கள்பட்டியில் பிடிபட்டு, மரண தண்டனையின் வாயில் வரை சென்று மீண்டார். பின்னாளில் கொள்ளிடத்தின் வடகரைப் பக்கமுள்ள ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கினார். அவ்வூருக்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர்.

இவ்வளவும் ஒரு பாதிரியாரின் சரிதம். இனிச் சொல்லப்போவது ஓர் ஆசிரியரின் சரிதம்.

நேயர்கள் தயவு செய்து ஒரு சிலேட்டை எடுத்து 'நெய்வேலி' என்று எழுதிப் பார்க்கட்டும். முதலெழுத்தில் குறில் எகரம். அடுத்து வருவது நெடில் ஏகாரம். ஒன்றுக்கு ஒற்றைக் கொம்பு, மற்றொன்றுக்கு இரட்டைக் கொம்பு. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இதே பெயரை ஓலையில் எழுதியிருந்தால் இரண்டுக்கும் ஒரே கொம்புதான். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட வேண்டுமென்பது தொல்காப்பியர் காலத்து விதி. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டார்கள். ஆகவே பழைய ஏட்டில் இவ்வூர்ப் பெயர் 'நெயவெலி' என்று நிற்கும். 'எரி' என்றிருந்தால் நெருப்பா, நீர் நிறைந்த ஏரியா? 'கொடி' என்றிருந்தால் ஏற்றுகிற கொடியா, எண்ணுகிற கோடியா? தமிழிலே பிறந்தவர்கள் இடம் நோக்கி உணர்ந்து கொண்டார்கள். புதிதாகக் கற்பவன் திண்டாடினான்.

பெஸ்கியும் புதிதாகக் கற்றவர்தாமே! தாம் தடுக்கி விழுந்த கல்லைப் பிறகு வருகிறவர்களுக்காக எடுத்துப் போட்டார். எகரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்து ஏகாரமாக்கினார்; ஒகரத்தைச் சுழித்து ஓகாரமாக்கினார்; கொம்பின் தலையைச் சுழித்து இரட்டைக் கொம்பாக்கினார். இன்று ஏடு எடுக்கும் ஒவ்வொரு தமிழ்க் குழந்தையும் அவர் வகுத்த வழியிலேயே எழுதுகிறது.

அடுத்தது அகராதி. நம் முன்னோர் சொற்பொருளை நிகண்டுகளில் சூத்திரமாகச் செய்து வைத்தார்கள். நிகண்டை நெட்டுருப் போட்டவனுக்கு அது கற்பக விருக்ஷம்; போடாதவனுக்குப் பூட்டிய பெட்டி. பெஸ்கி 1732-ல் சதுரகராதியைச் செய்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகப் பிரித்து, சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். குருவின் காலடியில் பன்னிரண்டு வருஷம் இருக்க வசதியில்லாத ஏழைப் பிள்ளையும் தானே பிரித்துப் பார்த்துப் பொருள் அறியலாம் என்ற நிலைக்கு அது வித்திட்டது. வகுப்பில் ஒரு மாணவன் அகராதியைத் தானே புரட்டத் தொடங்கும் தினத்தில் அவன் முகத்தில் தோன்றும் பெருமிதத்தைக் கண்ட எவரும் இதன் அருமையை உணர்வார்கள்.

இவை தவிர, செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் எழுதினார். தொன்னூல் விளக்கத்தில் ஐந்திலக்கணமும் சொன்னார். உபதேசிமார்களுக்காக வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூல் செய்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீன் பாஷையில் பெயர்த்தார். சூசையப்பரை வளன் என்று பெயரிட்டுத் தலைவராக்கி, 36 படலங்களில் 3615 விருத்தங்களால் தேம்பாவணி பாடினார். பேச்சுத் தமிழ் பழக விரும்பிய அயல்நாட்டாருக்காகப் பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் சிருஷ்டித்தார். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துப் பார்த்த அந்தச் சீடர்களை எண்ணிச் சிரிக்காத தமிழ் வீடு உண்டா? அசட்டுக் குருவைப் பற்றிய கதையை எழுதியவரும் ஒரு குருவே என்பது நம்மை மேலும் சிரிக்க வைக்கிறது.

கோயில் முற்றத்து நிழலில் அமர்ந்து இவற்றையெல்லாம் நாம் சொல்லிக் கொண்டிருந்தபோது, உடன் வந்த ஆசிரியர் இடைமறித்தார்.

"எல்லாம் சரி, ஐயா. அவர் தமிழ் வளர்க்கவா கப்பலேறினார்? நம்மவரை மதம் மாற்றத்தானே வந்தார்? தூண்டிலில் மாட்டிய புழுவைப் பார்த்து, மீனுக்கு விருந்து வைத்தார் என்று சொல்லலாமா?"

கேள்வி கடுமையானது, ஆனால் நேர்மையானது. தேசாபிமானமுள்ள எவருக்கும் இது எழாமல் இராது. இதை மழுப்புவதில் பயனில்லை. பெஸ்கி தம் மதத்தைப் பரப்பவே வந்தார். தம் நோக்கத்தை அவர் ஒளிக்கவுமில்லை. தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கி, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்கு பாதிரியாரின் லுத்தரன் கூட்டத்தாரை எதிர்த்து அவர் கண்டன நூல்கள் எழுதினார். ஒரே இயேசுநாதரைக் கும்பிட்ட இரு கூட்டத்தார் நம் பாஷையிலே ஒருவரையொருவர் வைது கொண்டார்கள்! மற்றொரு குறையும் உண்டு. மதுரை மிஷன் உயர்ந்த ஜாதியாருக்குப் பிராமண சந்நியாசிகளையும் மற்றவர்களுக்குப் பண்டார சுவாமிகளையும் வேறாக வைத்து, ஜாதி வேற்றுமையை அப்படியே ஏற்றுக்கொண்டது. தேசத்தின் நல்ல வழக்கங்களோடு தீய வழக்கத்தையும் அது சேர்த்து உடுத்துக்கொண்டது.

ஆயினும் நண்பருக்கு நாம் சொன்ன விடை இது: "தூண்டில் போடுகிறவன் மீனின் பாஷையைக் கற்பதில்லை. ஒருவரை மாற்றுவதற்குச் சில நூறு சொற்கள் போதும். அதற்கு இலக்கணம் ஐந்தும் வேண்டாம், வள்ளுவரும் வேண்டாம். தம் மதத்தினர் அல்லாத வள்ளுவரைத் தம் தேசத்துப் பண்டிதர்களின் பாஷையில் கொண்டு போய் நிறுத்தினாரே, அதனால் யார் மதம் மாறினார்கள்? அவர் ஜபம் அவருடையது. எழுத்தும் அகராதியும் நம்முடையவை."

நண்பர் உடனே ஒப்புக்கொண்டு விடவில்லை. "பாதிக்கு ஒப்புகிறேன்" என்றார். அதுவும் நன்றே. பெரியோர் என்பதற்காக முழுவதும் புகழ்வதோ, அயலார் என்பதற்காக முழுவதும் இகழ்வதோ கல்வி ஆகாது. 1968-ம் வருஷம் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, கடற்கரையில் நிறுவிய தமிழ்ப் பெரியோர் சிலைகளின் வரிசையில் வீரமாமுனிவரையும் நிறுத்தினார்கள். அவருடைய மதத்தை ஏற்றவர்கள் மட்டும் செய்த காரியமல்ல அது.

நெய்வேலி வட்டாரத்திற்கு வருகிறவர்கள் சுரங்கத்தைக் காண்பதோடு நின்றுவிட வேண்டாமென்று கேட்டுக் கொள்கிறோம். கிழக்கே வடலூர் இருக்கிறது. அங்கே 1867-ல் இராமலிங்க அடிகள் மூட்டிய தருமசாலை அடுப்பு பசித்தவர்களுக்காக இன்றும் எரிகிறது. மேற்கே விருத்தாசலமும் கோணான்குப்பமும் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். குழந்தைகளை அவசியம் உடன் அழைத்துப் போங்கள்.

புறப்படுமுன் அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். தத்தம் ஊர்ப் பெயரையும் தம் பெயரையும் புள்ளியும் இரட்டைக் கொம்பும் இல்லாமல் எழுதச் சொல்லி, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கச் சொல்லுங்கள். கோபாலன் 'கொபாலன' ஆவான். தேவி 'தெவி' ஆவாள். வீடு முழுதும் சிரிப்பு எழும். சிரித்து முடித்ததும், ஓர் அயல்நாட்டுப் பாதிரியார் நம்மிடம் மாணாக்கராக வந்த கதையைச் சொல்லுங்கள். வடதேசத்திலிருந்து வந்து நம் வகுப்பில் அமர்ந்து, 'எ' என்றும் 'ஏ' என்றும் தட்டுத் தடுமாறி எழுதும் சிறுமியை மற்றப் பிள்ளைகள் அதன் பிறகு கேலி செய்ய மாட்டார்கள்.