17,000 சதவீதம்!

போன வருஷம் ஆடி மாசம் எம்.எஸ்சி. செமினாரில் நான் வாங்கிய பல்பு, சாதாரண பல்பு இல்லை!

யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2018-ல் அலுமினியம் நைட்ரைடு என்கிற செமிகண்டக்டரில் குட்டியூண்டு வளையம் செய்து, உள்ளே விட்ட ஒளியின் அதிர்வெண்ணை ரெண்டு மடங்காக்கிய கதைதான் என் தலைப்பு. "எஃபிஷியன்ஸி 17,000 சதவீதம்" என்று கெத்தாகச் சொன்னேன்.

"நூறு ரூவா போட்டா பதினேழாயிரமா? எந்தச் சீட்டுக் கம்பெனிப்பா அது?" என்றார் சார். கிளாஸே சிரித்தது. பதில் தெரியவில்லை. "திங்கட்கிழமை திரும்ப எடு."

இளையரசனேந்தலுக்கு வந்தால், ஆச்சி சங்கரன்கோவிலுக்குக் கிளம்பி நிற்கிறார். ஆடித்தபசுக்குக் கொடியேறியாச்சு. ஆடிச்சுற்று 108 சுற்றுவதாக வேண்டுதல். எண்ணுவது என் வேலை.

முதலில் கூட்டம் இல்லை. யாரும் யார் மேலும் இடிக்கவில்லை. நேரம் ஆக ஆக, அடிக்கு ஒரு இடி. அப்பத்தான் உறைத்தது.

அதிர்வெண் இரட்டிப்பாக ரெண்டு ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்ந்து ஒன்றாகணும். ரெண்டு அஞ்சு ரூபாய் கொடுத்து ஒரு பத்து ரூபாய் வாங்குற மாதிரி. ஒரு பைசா கூடாது. ஆனா ஒளியை ரெண்டு மடங்காக்கினா ஜோடி சேர்வது நாலு மடங்காகும். அதாவது, உள்ளே போகும் பவர் ஏறினா எஃபிஷியன்ஸியும் ஏறும். அதனால்தான் அந்தக் கணக்கு 'ஒரு வாட்டுக்கு' 17,000 சதவீதம். ஒரு மில்லிவாட்டுக்கு 17 சதவீதம் என்கிற ரேட். பவரைக் கூட்டிக்கிட்டே போனா அந்த ரேட் நிலைக்காது. நூறைத் தாண்டவும் முடியாது. 'ஒரு வாட்டுக்கு' என்பதைத்தான் நான் முழுங்கியிருக்கிறேன்!

வளையம் எதுக்கு? ஒளி சுற்றிச் சுற்றி வந்து உள்ளே கூட்டம் சேரத்தான். 1961-ல் மிச்சிகனில் ஃப்ராங்கன் குழு ரூபி லேசரைக் குவார்ட்ஸ் வழியே ஒரே தடவை அனுப்பி முதன்முதலா இதைச் செய்தபோது கிடைத்தது துளியூண்டு புள்ளி. அச்சிடும்போது, அழுக்கு என்று நினைத்து அதையும் அழித்துவிட்டார்களாம். பாவம்!

ஆச்சியிடம் சொன்னேன்.

"ஏல, அந்த வெளிச்சம் எத்தனை சுத்து சுத்தும்?"

"நல்ல வளையம்னா நூத்துக்கணக்குல, ஆச்சி."

"காலு வலிக்காதா?"

"வளையத்தோட சுவர் சொரசொரப்பா இருந்தா வழியிலேயே சிதறிப் போயிரும்."

41-வது சுற்றில் ஆச்சி உட்கார்ந்துவிட்டார். மிச்சம் 67-ஐ நான் சுற்றினேன்.

திங்கட்கிழமை போர்டில் முதலில் எழுதியது: 'ஒரு வாட்டுக்கு'.