மருதனார்மடம் வரைக்கும் குளிர்

அப்பா ஹயர் ஓடுகிறவர். எங்கட வீட்டுச் சோறு, தம்பியின்ர ரியூசன் காசு, நான் கம்பசுக்குப் போற காசு எல்லாம் ஒரு பழைய ஜப்பான் காரில இருந்துதான் வருது. போன சித்திரையில அந்தக் காரின்ர ஏசி சுடுகாத்து அடிக்கத் தொடங்கினது.

முதன்முதல் தெரிஞ்சது கட்டுநாயக்காவில இருந்து ஒரு கனடாக் குடும்பத்தை ஏத்திக்கொண்டு வரேக்க. ஏழெட்டு மணித்தியால ஓட்டம். பாதி வழியில சுடுகாத்து வரத் தொடங்க, கண்ணாடிகளைத் திறந்துவிட்டுத்தான் மிச்ச வழி வந்திருக்கினம். பின்சீற்றில இருந்த அன்ரி பாஸ்போட்டால பிள்ளைக்கு விசுக்கிக்கொண்டு வந்தாவாம். அப்பாவை ஒரு வார்த்தையும் பேசேல்ல. ஆனால் திரும்பிப் போறதுக்கு வேற வாகனம் பிடிச்சிட்டினம். பேசியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கராஜில காட்டினார். அங்க நிண்ட அண்ணை காத்து வாற இடத்தில கையை வைச்சுப் பாத்துப்போட்டு, "கொம்பிரசர் போட்டுது, ஒண்டரை லட்சம் வரும்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சார். ஒண்டும் கதைக்கேல்ல. காரை வித்துப்போட்டு வேற எடுக்கிற கதையும் இல்லை. 2020இல வாகன இறக்குமதி நிண்ட பிறகு, ஓடித் தேய்ஞ்ச கார்களுக்கே தங்கத்தின்ர விலை. 2025 மாசியில திறந்துவிட்டும், புதுசாய் வாற வாகனத்தின்ர விலை எங்கட வீட்டுக் கணக்குக்குள்ள வராது.

நான் கலைப்பீடம். தமிழ் படிக்கிறேன். கார் பற்றி எனக்குத் தெரிஞ்சது கதவைத் திறக்கவும் மூடவும்தான். ஆனால் அந்தக் கிழமை காலமை அப்பா என்னைக் கம்பசில இறக்கிவிடேக்க ஒரு விசயத்தைக் கவனிச்சன். சுன்னாகத்தில வெளிக்கிடேக்க ஏசி நல்ல குளிர். மருதனார்மடம் சந்தி தாண்டும் வரைக்கும் குளிர்தான். இணுவிலில வெதுவெதுப்பு. கொக்குவில் வரேக்க அடுப்படி. அடுத்த நாளும் அதே மாதிரி. மூண்டாம் நாளும் அதே.

"அப்பா, கொம்பிரசர் பழுதெண்டால் சுன்னாகத்தில ஏன் குளிருது?"

அப்பா உடன பதில் சொல்லேல்ல. கொஞ்சத்தூரம் போனாப் பிறகு, "எஞ்சின் சூடேற ஏற வருது போல" என்றார்.

அந்த வசனம் அவருக்குச் சும்மா வந்ததில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில அப்பா சின்னப் பெடியன். சித்தப்பா ஒருவரின்ர ஒஸ்ரின் ஏ40க்கு உதவியாளாய் நிண்டிருக்கிறார். அப்ப கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது எங்கட வயசுக்காரருக்குக் கதையாய்த் தெரியும். எப்பிடி ஓடினது என்று நான் அண்டைக்குத்தான் கேட்டன். குளிர்ந்து கிடக்கிற எஞ்சினுக்குள்ள மண்ணெண்ணெய் ஒழுங்காய் ஆவியாகாது, பத்தாது. அதால "சூப்பி" என்று சொல்லுற சின்னப் போத்தலால ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குப் பீச்சி ஸ்ராட் பண்ணவேணும். எஞ்சின் சூடேறினாப் பிறகுதான் மண்ணெண்ணெய் பிடிக்கும். எஞ்சின் எப்ப பச்சைத்தண்ணி, எப்ப கொதிதண்ணி என்று அந்த வயசிலேயே அப்பாவின்ர காதுக்கும் மூக்குக்கும் தெரிஞ்சிருக்கு.

அண்டு பின்னேரம் முத்தத்து வேப்பமரத்துக்குக் கீழ பொனற்றைத் திறந்தம். ஏசியைப் போட்டவுடன கொம்பிரசரில "ரக்" என்று ஒரு சத்தம், கிளச் பிடிக்குது. ஏசியின்ர ரெண்டு குழாயில மொத்தமானதைத் தொட்டுப் பார்த்தால் குளிர், வெளியில தண்ணி வேர்த்து நிக்குது. அப்ப காசும் இருக்கு, கொம்பிரசரும் வேலை செய்யுது. குளிர் உண்டாகுது. ஆனால் எங்களிட்ட வந்து சேரேக்க ஆரோ அதைச் சூடாக்கினம்.

அந்த "ஆரோ" ஹீற்றர். எங்கட காரில ஹீற்றர் இருக்கெண்டே எனக்குத் தெரியாது. ஜப்பானில பனி கொட்டுற ஊர்களும் இருக்குத்தானே, அதால பூட்டி அனுப்பினது. அதுக்குத் தனி நெருப்புக் கிடையாது. எஞ்சினைச் சுத்தி வாற கொதிதண்ணி டாஷ்போட்டுக்குப் பின்னால இருக்கிற ஒரு குட்டி ரேடியேற்றருக்குள்ளாலயும் ஓடும். பக்கத்தில ஒரு பிளாஸ்ரிக் தட்டி, கதவு மாதிரி. குமிழை நீலப் பக்கம் திருப்பினால் தட்டி சூட்டை மறைக்கும், சிவப்புப் பக்கம் திருப்பினால் காத்து சூட்டுக்குள்ளால போகும். குமிழையும் தட்டியையும் இணைக்கிறது சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி ஒரு கம்பி. புதுக் கார்களில அதுக்குச் சின்ன மோட்டர். எங்கடது பழசு, கம்பிதான்.

குமிழ் நீலத்திலதான் நிண்டது. ஆனால் அதைத் திருப்பேக்க பாரமே இல்லை, வெறுமனே சுத்தினது.

அப்பா முதல் பற்றறியின்ர நெகற்றிவ் வயரைக் கழட்டினார், டாஷ்போட்டுக்குள்ள எயார்பாக் இருக்கு, விளையாடக்கூடாது என்று. குளோவ் பொக்ஸைக் கழட்டினம். முதலில வந்தது காத்து வடிகட்டி. அதுக்குள்ள வேப்பம்பூவும் சருகும், ஒரு கடகம் நிரப்பலாம். அதைத் தட்டித் துப்பரவாக்கினம். பிறகு உள்ளுக்குக் கை விடவேணும். அப்பாவின்ர கை போகேல்ல.

"பிள்ளை, உன்ர கை சின்னன், நீ விடு. நான் ரோச் பிடிக்கிறன்."

மதிலுக்கு அங்கால நிண்ட மாமி, "பொம்பிளைப்பிள்ளையை ஏன் கிறீசுக்க விடுறியள்?" என்றா. அப்பா, "அவளின்ர கைதான் போகுது" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும்.

தடவிக்கொண்டு போக, ஒரு கம்பி அந்தரத்தில ஆடினது. அதைப் பிடிச்சிருந்த கிளிப் தெறிச்சுப்போட்டுது, தட்டியின்ர சின்னக் கைபிடி சூட்டுப் பக்கம் இறுகிக் கிடந்தது. மெல்லத் தள்ளினன். முதலில அசையேல்ல, பிறகு "சரக்" என்று வந்தது. கம்பியைக் கொழுவி, உடைஞ்ச கிளிப்புக்குப் பதிலாய்க் கேபிள் ரை ரெண்டு போட்டு இறுக்கினம். பிறகு எஞ்சின் சூடேறும் வரை காத்திருந்தம். பத்து நிமிசம், இருவது நிமிசம். குளிர் அப்பிடியே நிண்டது.

எப்பிடித் தெறிச்சது? அப்பாவுக்கு அப்பதான் ஞாபகம் வந்தது. அண்டைக்கு முன்சீற்றில இருந்த கனடாப் பெடியன் வழி முழுக்கக் குமிழைத் திருகிக்கொண்டு வந்தவனாம். இஞ்ச ஒருநாளும் அசையாத தட்டி ஒருக்காச் சிவப்புக்குப் போய் அங்கயே இறுகியிருக்கு, திருப்பி இழுக்கக் கிளிப் தெறிச்சிருக்கு. அவங்கட ஊரில அந்தச் சிவப்பு இல்லாமல் மாரிகாலத்தில கார் ஓடேலாது. எங்கட ஊரில அப்பிடியொரு பக்கம் இருக்கெண்டே மறந்துபோனம்.

"அப்ப கராஜில உங்களை ஏமாத்தப் பாத்திருக்கினம்" என்றேன்.

"ஏமாத்தேல்ல பிள்ளை. பாக்கேல்ல. நானும்தான் பாக்கேல்ல."

மண்ணெண்ணெயில கார் ஓட்டின மனுசன் ஏன் முதலே திறந்து பார்க்கேல்ல என்று கேட்டன். நான் எதிர்பார்த்தது ஏதோ வீரக்கதை. "அப்ப திறக்காட்டி ஓடாது, அதால திறந்தனாங்கள். இப்ப திறந்து ஒண்டை உடைச்சால் திருப்பி வாங்கக் காசில்லை. பயம்தான்" என்றார். பிறகு, "அந்தக் காலத்தை உங்கட கட்டுரையளில பெரிசாய் எழுதாதேங்கோ. அது கெட்டித்தனம் இல்லை, கஸ்ரம். அந்தப் புகையை நாங்கள்தான் குடிச்சனாங்கள்" என்றார். அதால அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

உங்கட வீட்டிலயும் பழைய கார் இருந்தால் ஒண்டு சொல்லுறன். வடிகட்டி, கம்பி, தட்டி எல்லாம் நாங்களே பார்க்கலாம். காஸ் குழாயில மட்டும் கை வைக்காதேங்கோ. அது அமுக்கத்தில இருக்கிறது, தோலில பட்டால் உறைஞ்சு காயம் வரும். வெளியில விட்டால், எங்கட மாதிரிக் கார்களில இருக்கிற ஆர்134ஏ காஸ் கரியமிலவாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்கும். அதுக்கு மெசின் உள்ள இடத்துக்குத்தான் போகவேணும். ஆனால் போக முதல், எப்ப சுடுது, எப்ப குளிருது, எந்தச் சந்தியில மாறுது என்று நாலு நாள் கவனிச்சு எழுதிக்கொண்டு போங்கோ.

இப்ப மாசத்துக்கு ஒருக்கா, தட்டி இறுகாமல் இருக்க, அப்பா குமிழைச் சிவப்புக்குத் திருப்பித் திரும்ப நீலத்துக்குக் கொண்டுவாறார். அஞ்சு செக்கன் முகத்தில சுடுகாத்து அடிக்கும்.

"கனடா வந்திட்டுது" என்பார்.