நவம்பரில் பிறந்த பெண்

2022இல் போர்ட் பிளேரில் நான் நடத்திய ரிட் மனு ஒன்று. (ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.) அந்த வழக்கில் சட்டப் புத்தகங்களை எல்லாம்விட எங்களுக்குக் கைகொடுத்தது, சுனாமி நிவாரண முகாம் ஒன்றில் பால் பவுடர் வழங்கிய பட்டியல்தான்.

கட்சிக்காரர் ஒரு மாணவி. முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கேயே படித்தவள். அந்தமானில் தீவு மாணவருக்கான இடமும் உதவித்தொகையும் வேண்டுமென்றால் லோக்கல் சர்டிபிகேட் வேண்டும். எத்தனை வருடம் இங்கே குடியிருக்கிறீர்கள், பிள்ளை எங்கே படித்தது என்று விசாரித்துத் தருவார்கள். அது கையில் இல்லையென்றால் மெயின்லேண்டில் ஏதாவதொரு தனியார் கல்லூரி, லட்சத்தில் கட்டணம். அவளுடைய அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பின்னால் ஆட்டோ ஓட்டியவர்.

அவளுடைய விண்ணப்பம் குடியிருப்புக் கேள்வியில் நிற்கவில்லை. "அம்மா எந்த ஊர்?" என்ற கேள்வியில் நின்றது.

அம்மா இலங்கை. மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவர்.

இந்தக் குடும்பத்தின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். அப்பாவின் அப்பா மலையகத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. அந்தக் கணக்கில் அவரும் ஒருவர். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் குடும்ப அட்டை வாங்கினார். குடும்பத்தார் பெயர், வயது, எந்த மறுவாழ்வுத் திட்டம் என்றெல்லாம் எழுதி முத்திரை குத்திய அட்டை. அவருக்கு எழுதியது நிகோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டம். 2000ஆம் ஆண்டின் முதல் சூரியோதயம் பார்க்கலாம் என்று உலகமெல்லாம் விளம்பரமான அதே கச்சால்தான். பழங்குடியினருக்கு ஒதுக்கிய தீவு என்பதால் அங்கே வெளியார் யாருக்கும் நிலம் சொந்தமாகாது. இருப்பதற்கே பாஸ் வேண்டும். ரப்பர் பால் வெட்டியே அவர் ஆயுள் போயிற்று.

அவருடைய மச்சான் குடும்பம் மலையகத்திலேயே தங்கிவிட்டது. 1984க்குப் பிறகு கப்பலும் நின்றுபோனது. சண்டை முற்றிய 1990இல் அவர்கள் படகேறி வந்தார்கள். ஒரே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவர்களில் கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியவர், படகில் வந்தவர் அகதி. மகனுக்கு மாமன் மகளைக் கட்டிவைத்தது நம் வழக்கம். சட்டத்தின் கண்ணில் அது ஓர் இந்தியக் குடிமகன் சட்டவிரோதக் குடியேறியை மணந்த கதை.

சட்டவிரோதக் குடியேறி என்பது நான் கட்டிச் சொல்லும் வசை இல்லை. குடியுரிமைச் சட்டத்தில் உள்ள வரையறை. பாஸ்போர்ட் இல்லாமல் எல்லைக்குள் வந்த அயல்நாட்டவர் அதற்குள் அடங்குவர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. புகலிடச் சட்டம் என்று ஒன்றும் நம்மிடம் இல்லை. அமெரிக்காவில் புகலிட மனு நிலுவையில் இருக்கும் மாணவருக்கு உள்ளூர்க் கட்டணமா வெளியூர்க் கட்டணமா என்று மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. இங்கே அந்தத் தகராறுக்கே இடமில்லை, நிலுவையில் வைக்க ஒரு மனு இருந்தால்தானே? குடிமகனை மணந்தவர் என்ற முறையில் அந்த அம்மா குடியுரிமைக்குப் பதியலாமா என்றால், சட்டவிரோதக் குடியேறிக்கு அந்த வழியும் அடைப்பு.

இனி பெண்ணின் நிலை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன்; பெற்றோர் யாரென்று கேள்வியில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்திய பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த 2022ஆம் ஆண்டிலேதான் உத்தரவிட்டது. 1987க்குப் பிறகு பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுகிவிட்டது: ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

பள்ளிச் சான்றிதழில் அவள் பிறந்த தேதி 2005 ஜனவரி 10.

ஆக, அவள் குடிமகள் அல்ல, குடிமகள் அல்லாதவளுக்கு லோக்கல் சர்டிபிகேட் இல்லை என்று அலுவலகம் எழுதிவிட்டது. ஓர் எழுத்தர் இவ்வளவு சட்டம் படித்து எழுதியிருந்ததில் எனக்கு எரிச்சலோடு கொஞ்சம் மரியாதையும் வந்தது.

அம்மாவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். பேச்சே வரவில்லை. முகாமிலிருந்து வந்ததைக் கிளறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

"பிள்ளை பொறந்தது ஜனவரியிலயாம்மா?"

"இல்லீங்கய்யா. கார்த்திகை மாசம். ஹட் பே லயத்துலதான் பொறந்தா. தண்ணி வந்தப்ப கைப்புள்ள. இடுப்புல துணியால கட்டிக்கிட்டுத்தான் மேட்டுக்கு ஓடுனேன்."

"அப்புறம் ஜனவரின்னு யாரு எழுதுனா?"

"ஸ்கூல்ல சேக்கையில சர்டிபிகேட் கேட்டாங்க, இல்லைன்னோம். அவுங்களே ஒரு தேதி போட்டுக்கிட்டாங்க."

அந்தத் தலைமுறைத் தமிழருக்கு இது புதிதா என்ன? வீட்டில் நடந்த பிரசவம். புது வருஷம் பிறக்கட்டும், பதிந்துகொள்ளலாம் என்று அப்பா விட்டிருக்கிறார். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. அப்பா வேலை பார்த்த எண்ணெய்ப்பனைத் தோட்டம் இருந்த லிட்டில் அந்தமானின் ஹட் பே மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. வீடும் போயிற்று, காகிதமும் போயிற்று. கப்பலில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து முகாமில் சேர்த்தார்கள்.

முகாம் என்றால் பட்டியல் இருக்கும். அம்மாவே முகாமில் வளர்ந்தவர், "பேரு எழுதாம பாலும் அரிசியும் யாருங்கய்யா குடுப்பாங்க?" என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து, மேல்முறையீடும் போய்க் கடைசியில் நகல் வந்தது. இந்தியில் கையால் எழுதிய நீளத்தாள், ஓரத்தில் கறையான் தின்ற அச்சு. தேதி 4-1-2005. அம்மாவின் பெயர், அதற்குக் கீழே "பெண் குழந்தை, 45 நாள்", எதிரே பால் பவுடர் ஒரு டப்பா, அம்மாவின் கைநாட்டு.

பள்ளித் தேதி உண்மையென்றால், குழந்தை பிறப்பதற்கு ஆறு நாள் முன்பே பால் பவுடர் வாங்கியிருக்கிறது! 45 நாளைப் பின்னால் எண்ணினால் நவம்பர் 20. கார்த்திகை பிறந்து சில நாள். டிசம்பர் 3க்கு இரண்டு வாரம் முன்பு.

ஒரு வருடம் தாண்டிய பிறப்பைப் பதிய மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அதை வாங்கினோம். அலுவலகம் அசையவில்லை, இரண்டு தேதி இருக்கிறதே, எதை நம்புவது என்றது. அதற்கு மேல்தான் ரிட்.

கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் முறைவைத்து இங்கே வந்து அமர்வார்கள். வாதத்துக்கு நான் இரண்டு கால் வைத்திருந்தேன். முதல் கால் குடியிருப்பு. 1955இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த டி.பி. ஜோஷி வழக்கு: இந்தூர் மருத்துவக் கல்லூரியில் மத்திய பாரதத்தில் குடியிருப்போருக்குத் தலைக்கட்டணம் கிடையாது, வெளியாருக்கு மட்டும் ஆண்டுக்கு 1,300, 1,500 ரூபாய். செல்லும் என்று பெரும்பான்மைக்கு எழுதியவர் நம் டி.எல். வெங்கடராம ஐயர். பிறந்த இடம் வேறு, குடியிருக்கும் இடம் வேறு, அரசியல் சட்டம் தடுப்பது பிறந்த இடத்தை வைத்துப் பாகுபடுத்துவதைத்தான் என்பது அவர் பிடித்த நூல். மாணவருக்கு எதிராகப் போன அந்தத் தீர்ப்பை நான் மாணவிக்காகத் திருப்பினேன்: விதி கேட்பது குடியிருப்பை என்றால், அதோடு நிறுத்திக்கொள்ளட்டும், அம்மா பிறந்த ஊரை எதற்குத் தோண்ட வேண்டும்? அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு தரும் சமத்துவம் குடிமக்களுக்கு மட்டுமல்ல, மண்ணில் உள்ள எவருக்கும் பொருந்தும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். இந்தத் தீவுகளில் எத்தனையோ கிராமங்கள் 1949 முதல் மகாராஜா கப்பலில் வந்திறங்கிய கிழக்கு வங்க அகதிகளால் உண்டானவை என்பதையும் சொல்லிவைத்தேன். அது சட்டவாதம் இல்லை. ஆனால் போர்ட் பிளேரில் சொல்லாமல் விடக் கூடாத விஷயம்.

இரண்டாவது கால் அந்தப் பால் பவுடர் பட்டியல். அரசு ஊழியர் கடமையின் பொருட்டு எழுதிய பதிவு, அன்று நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் ஏற்கத்தக்கதாக இருந்தது. அதிலும், எந்த வழக்கும் மனத்தில் இல்லாத காலத்தில் எழுதியது. நீதிபதி தாளை வாங்கிக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். அரசு வக்கீலைப் பார்த்து, "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றார். அவரிடம் பதில் இல்லை.

உத்தரவு சிறியது. பள்ளித் தேதியை ஒதுக்கிவிட்டு, பதிவான பிறந்த தேதியின்படி நான்கு வாரத்தில் விண்ணப்பத்தை முடிவுசெய்ய வேண்டும். குடியிருப்பு பற்றிய என் வாதத்துக்குள் போக வேண்டிய தேவை எழவில்லை என்று ஒரு வரி. சான்றிதழ் வந்தது, பெண் சேர்ந்தாள்.

அந்த ஒரு வரியில் எனக்கு இன்றும் மனக்குறை. அவள் ஜெயித்தது இந்தத் தீவில் வளர்ந்ததற்காக அல்ல, இரண்டு வாரம் முந்திப் பிறந்ததற்காக. டிசம்பர் 20இல் பிறந்திருந்தால் அதே பள்ளி, அதே வீடு, அதே அப்பா. ஆனால் சான்றிதழ் கிடைத்திருக்காது.

அவளுக்குத் தம்பி ஒருவன் உண்டு, 2007இல் பிறந்தவன். அவனுக்கு எந்தப் பட்டியலும் உதவாது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 2021இல் தமிழக அரசு முகாம் மாணவரில் பொறியியலுக்கு முதல் 50 பேரின் கட்டணத்தை ஏற்பதாக அறிவித்தது நல்ல காரியம். கடல் தாண்டி அந்தமானுக்கு வந்த குடும்பத்துக்கு அது எட்டாது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட் இல்லை என்பதற்காகத் தண்டிப்பதில்லை என்று மத்திய அரசு 2025 செப்டம்பரில் ஆணையிட்டது. அம்மாவின் பயம் அதனால் கொஞ்சம் தணிந்திருக்கும். குடியுரிமை அதில் இல்லை.

தம்பிக்காக நாங்கள் பிடித்தது குடியுரிமைச் சட்டத்தின் 5(4)ஆம் பிரிவு. தனிச் சூழ்நிலை இருப்பதாகக் கருதினால் மைனர் எவரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதியலாம் என்கிறது அது. பதினெட்டு முடிவதற்குள் துணை ஆணையர் வழியாக மனு போட்டுவிட்டோம். இன்னும் பதில் இல்லை. அப்பா இந்தியர், அம்மா முகாம், பிள்ளை 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தது என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கல்லூரி விண்ணப்பம் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்த மறுநாள் அந்தப் பிரிவின் கீழ் மனுப்போட முடியாது.